பதில் போட்டாச்சு

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கிராமர்’ என்று பட்டப்பெயர். சலவை இயந்திரம் விற்கும் கம்பெனி அது. விற்ற இயந்திரங்கள் ஆடும், ஒழுகும், சில துணியையும் கிழிக்கும். வாங்கியவர்கள் ஆங்கிலத்தில் திட்டிக் கடிதம் எழுதுவார்கள். அதே ஆங்கிலத்தில் பதில் எழுதுவதுதான் மூன்றாண்டுகளாக அவள் வேலை.

சேர்ந்த அன்றே மேனேஜர் பாடம் எடுத்துவிட்டார்.

“இறந்த காலம் வேண்டாம். ‘வீ மேட் எ மிஸ்டேக்’னு எழுதினா நாம மாட்டிக்கிட்டோம். எதிர்காலமும் வேண்டாம். ‘வீ வில் ரிப்பேர் இட்’னு எழுதினா அதைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பான். ‘வீ ஆர் லுக்கிங் இன்டு இட்’. கவனிச்சுக்கிட்டே இருக்கோம். இதுக்கு மேல எவன் என்ன கேட்க முடியும்?”

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, போகப் போக ருசியே தட்டிவிட்டது. அந்த மொழியில்தான் எத்தனை நழுவல்! இப்போதே வேண்டும் என்பதை ‘ஐ வாஸ் வொண்டரிங்’ என்று என்றோ யோசித்ததுபோலக் கேட்கலாம். நினைத்தே பார்க்காத வேலையை ‘ஐ வாஸ் ஜஸ்ட் அபவுட் டு’ என்று, மயிரிழையில் தவறியதாகச் சொல்லிவிடலாம். ஒரு பெரியவர் நான்காவது தடவையாக எழுதியிருந்தார்: ‘இட்ஸ் டைம் யூ ரிப்பேர்டு இட்.’ சொல்வது இறந்த காலம், காரியமோ இன்னும் நடக்கவே இல்லை. பாவம், இலக்கணம் சுத்தமாக இருக்கிறதே என்று இவள் மெச்சிக்கொண்டு, கவனித்துக்கொண்டே இருப்பதாக அவருக்கும் பதில் போட்டாள்.

சேரும்போது மூன்றாண்டு ஒப்பந்தத்துக்காக அவளுடைய அசல் பட்டச் சான்றிதழைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்து நான்கு மாதமாகிறது. கணவனும் ஆறு வயது மகளும் இருக்கும் ஊர், பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். அங்கே ஒரு பள்ளியில் இப்போது வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை அசலோடு வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். மாதத்துக்கு இரண்டே நாள் அம்மாவாக இருந்து அவள் நொந்துபோயிருந்தாள்.

சான்றிதழைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தாள். புதன்கிழமை அது அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது. எல்லாக் கடிதத்துக்கும் பதில் எழுதுகிறவள் அவள்தானே! மூலையில் மேனேஜர் ‘பதில் போடவும்’ என்று கிறுக்கியிருந்தார்.

விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு, ‘வெள்ளிக்கிழமை உங்கள் சான்றிதழைத் திருப்பித் தருவோம்’ என்று ஆங்கிலத்தில் தட்டினாள். மூன்றாண்டில் அவள் எழுதிய முதல் ‘வீ வில்’. திருட்டுத்தனம் செய்வதுபோல முப்பது கடிதங்களுக்கு நடுவில் அதைச் செருகி வைத்தாள். மேனேஜர் போனில் பேசியபடியே, வழக்கம்போல ஒன்றையும் படிக்காமல், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பதிவறைக்குப் போனாள். சான்றிதழ்கள் இருக்கும் பீரோவின் சாவி அங்கிருக்கும் குமாஸ்தாவிடம்தான்.

“அண்ணே, என் சர்டிபிகேட்டைக் குடுங்க. இதோ லெட்டர்.”

அவர் பதிவேட்டைப் புரட்டி அவள் பக்கம் திருப்பினார். விண்ணப்பத்துக்கு நேரே சிவப்பு முத்திரை விழுந்திருந்தது.

“இது புதன்கிழமையே முடிஞ்சு போச்சேம்மா. பதில் போட்டாச்சு.”

“அந்தப் பதில்லயே தர்றோம்னுதானே இருக்கு?”

“உள்ள என்ன இருக்குன்னு நான் எங்கம்மா படிக்கிறேன்? பதில் போனா ஃபைலை மூடணும். மறுபடி கேட்கணும்னா தொண்ணூறு நாள் கழிச்சு, புதுசா எழுதிக் குடுக்கணும்.”

“அப்போ நான் பதில் போட்ட மெஷின் எல்லாம்?”

“மெக்கானிக்குக்கு அனுப்ப ஒரு சீட்டு இருக்கும். உன் லெட்டர் போனதும் அதைக் கிழிச்சுடுவேன்.” அவர் குரலில் ஒளிவுமறைவே இல்லை.

காலம் கடத்துகிறோம் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். கதவைச் சாத்தியதே தன் கைதான் என்று இப்போதுதான் தெரிந்தது. நாலு தடவை எழுதிய அந்தப் பெரியவரை நினைத்து வெட்கமாக இருந்தது.

மேனேஜரிடம் ஓடினாள். அவர் கடிதத்தை அன்றுதான் முதல்முறையாகப் படித்தார், படித்துவிட்டுச் சிரித்தார்.

“உங்களை மாதிரி எழுத எனக்கு வேற யாரு கிடைப்பா? தொண்ணூறு நாள்தானேம்மா. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

கெஞ்சினாள், கத்தினாள், அழக்கூடச் செய்தாள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள்.

“அம்மா, ஒரேயடியா கிளம்பிட்டியா?”

மேசையில் புதிதாக முப்பது கடிதங்கள் இருந்தன. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை பழகிய வழியிலேயே வந்தது.

“கிளம்பிக்கிட்டே இருக்கேன்டா கண்ணு.”

பெற்ற பிள்ளைக்கும் அதே பதிலைப் போட்டுவிட்டோம் என்று அவளுக்கு உறைப்பதற்குள், அந்தப் பக்கம் குழந்தை குதித்துக்கொண்டு கத்தியது:

“அப்பா! அம்மா கிளம்பிட்டாங்களாம்!”