மூடிக் கிடந்த வண்டுகள்

கடைசிச் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கொத்தனார் திரும்பிப் பார்த்தார். கல்லறைச் சுவரின் மாடத்துக்குள் அப்பாவின் சவப்பெட்டி ஓரம் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. அம்மா அங்குஸ்தியாஸ் தலையசைத்தாள். கல் உள்ளே போனது. அவர் சாந்தை இழுத்துப் பூசினார்.

மிலாக்ரோஸ் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "வண்டுங்களைத் திறந்துவிடலையே" என்றாள்.

அண்ணன் ஹினேஸ் முழங்கையால் இடித்தான். "பேசாம நில்லு. எல்லாரும் பார்க்கறாங்க."

நிஹார் சமவெளியில் அவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் கூடாரம், அதற்குள் தக்காளி. கோடையில் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கவும், வெயில் தணிந்ததும் அதைக் கழுவவும், குளிர்காலம் முழுக்கப் பழம் பறிக்கவும் அப்பா இந்தலேசியோ கூலிக்கு ஆள் வைப்பார். பூவுக்குப் பூ போகும் வண்டுகளை மட்டும் யார் கையிலும் விடமாட்டார். மருந்தடிக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் கூட்டின் கதவைத் திருப்பி வைக்க வேண்டும். வண்டு உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. மறந்தால் அத்தனையும் செத்துப்போகும். அவர் படுக்கையில் விழுந்த பிறகு அது மிலாக்ரோசின் வேலையாயிற்று.

நேற்றுச் சாயங்காலம் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "வண்டு" என்றார். அப்புறம் போகிறேன் என்று அவள் சொல்லியும் அவர் கண் அவளை விடவில்லை. ஓடினாள். கதவைத் திருப்பிவிட்டு, வெளியே போன வண்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேரும்வரை நின்றாள். அதுகளை அவசரப்படுத்த முடியாது. வீடு திரும்பியபோது அம்மா அவர் தாடையைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை யாரும் மருந்தடிக்கவில்லை. யாரும் கதவைத் திறக்கவுமில்லை.

"அப்பன் சாகக் கிடக்கையில பூச்சிக்குக் கதவு சாத்தப் போனா" என்று ஹினேஸ் இழவு மண்டபத்தில் அத்தைமாரிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அப்பாவின் உயிர் போன பிறகு பார்சிலோனாவிலிருந்து வந்து சேர்ந்தவன் அவன். அவன் சொன்னது பொய்யில்லையே என்பதுதான் அவளை அறுத்தது.

காரில் ஏறியதும் அம்மா ஹினேஸிடம் சொன்னாள், "கூடாரத்துக்கு விடு."

"வீட்டுக்கு ஆளுங்க வருவாங்கம்மா. காப்பி கீப்பி போட வேண்டாமா?"

"உங்க அத்தைங்களுக்கு அடுப்பு எங்க இருக்குன்னு தெரியும். விடு."

ஹினேஸ் காரிலேயே இருந்துகொண்டான். கூடாரத்துக்குள் புழுக்கம். கறுப்புச் செருப்பு மணலில் புதைந்தது. மிலாக்ரோஸ் கூட்டின் கதவைத் திருப்பினாள். உள்ளே இரைச்சல் கேட்டது, ஒன்றும் வெளியே வரவில்லை.

"நீ போனதும் அப்பா கேட்டார்" என்றாள் அம்மா. "மூடிட்டாளான்னு. நீ இன்னும் வந்து சேரலை. மூடிட்டான்னு சொல்லிட்டேன். அப்ப சரின்னார். அதுக்கப்புறம் எதுவும் பேசலை."

மிலாக்ரோஸ் கூட்டின் அருகே மண்டியிட்டாள்.

ஒரு வண்டு வெளியே வந்தது. அவள் சட்டைக் கையில் உட்கார்ந்து, பிறகு பறந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. அவள் பழக்கத்தில் ஒரு பூக்கொத்தைத் தூக்கிப் பார்த்தாள். வண்டு கடித்த பூவில் பழுப்புத் தடம் விழும், தடம் விழுந்தால் காய் நிச்சயம். அப்பா தினமும் காலையில் அதைத்தான் பார்ப்பார். இன்று விரிந்த பூ சுத்த மஞ்சளாக இருந்தது. அதற்குக் கீழே, முன்பே விரிந்திருந்த பூவில் தடம்.

அம்மா கிட்ட வந்து குனிந்தாள். "இது நேத்து கடிச்சதா?"

"நேத்துதான்."

"காலையிலயா, இல்ல சாயங்காலம் அவர் கேட்டுட்டிருந்தப்பவா?"

"அது தெரியாதும்மா."

அம்மா அந்தக் கொத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். வெளியே ஹினேஸ் ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான். அம்மா கொத்தை விடவில்லை.