சிவன்மலைப் படத்தின் வாரிசு

அம்மாவின் ஒரே அண்ணன் பெயர் சென்னிமலை. மாமா கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கழுத்தை அறுக்கும்போதும் வாய் நிறைய 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்.

போன மாதம் அம்மாவுக்குப் போன் செய்தார். "சாந்தாமணி, நம்மூட்டு மலைப்படத்த ஏலத்துல வைக்கச் சொல்லி சென்னையில இருந்து கேக்கறாங்க கண்ணு. அது யார் கையில இருந்து யார் கைக்கு வந்துச்சுன்னு வெவரம் வேணுமாம். உனக்குத்தான தெரியும்? நந்திதாவக் கூட்டிக்கிட்டு வந்து சொல்லிப்போட்டுப் போ."

அம்மா பூரித்துப்போனாள். அந்தப் படத்தைத் தாத்தா அவளுக்குத்தான் கொடுத்தார். அவள் கல்யாணமாகிச் சோமனூர் வந்தபோது "அப்புறம் எடுத்துக்கலாம்" என்ற மாமா, இன்றுவரை கொடுக்கவில்லை. இப்போதாவது "இது என் தங்கச்சியோடது" என்று நாலு பேர் முன்னால் சொல்வார் என்று நம்பினாள். எனக்குத் துளி நம்பிக்கை இல்லை. ஆனாலும் காரை எடுத்தேன்.

வெள்ளகோவிலில் தன் வீட்டில் மாமா அவளை உட்காரவைத்துக் கேட்டார். அம்மா ஆதியிலிருந்து சொன்னாள். 1911இல் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் சிவன்மலையையும் முன்னால் காய்ந்து கிடந்த செம்மண் காட்டையும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். ஊருக்குக் கிளம்பும்போது, தனக்கு மாட்டுவண்டி கட்டிக் கொடுத்த தாத்தாவின் அப்பாவிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். பஞ்ச காலத்தில் படம் கோயமுத்தூர் அப்துல் வஹீது பாயின் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. சின்னப்பிள்ளையாகத் தாத்தாவோடு அந்தக் கடைக்குப் போன அம்மா, "நம்ம மலைங்கப்பா!" என்று அழுது அடம்பிடித்தாள். தாத்தா திருப்பி வாங்கி, "இனி இது உன்னுதுதான் கண்ணு" என்று அவள் மடியில் வைத்தார். ஊர் வந்துசேரும்வரை பஸ்ஸில் யாரையும் அவள் தொடவிடவில்லை.

மாமா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பிறகு, "ஏலக்காரங்க வார நேரமாச்சு. ஒரு வாய் காப்பி போட்டுக் கொண்டா கண்ணு" என்றார். அம்மா சந்தோஷமாகச் சமையலறைக்குப் போனாள்.

ஏல நிறுவனத்திலிருந்து மானசா என்ற பெண் வந்தாள். மாமா ஆரம்பித்தார். அத்தனையும் அம்மா சொன்ன வார்த்தைகள். ஒரே ஒரு திருத்தம்தான். கடையில் அழுதது மாமாவாம், மடியில் வைத்துக் கொண்டுவந்ததும் மாமாவாம். சொல்லும்போது கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார், பாவி!

"உங்க அப்பாவுக்கு வேற வாரிசு இருக்காங்களா?" என்று மானசா கேட்டாள்.

"நான் ஒருத்தந்தானுங்க."

காப்பித் தட்டோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். மானசா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இவங்க?"

"நம்மூட்டுல ஒத்தாசைக்கு இருக்கறவங்க."

"பொய்!" என்று கத்தினேன். "இது எங்கம்மா. இவரு கூடப்பொறந்த தங்கச்சி!"

மாமா சிரித்தார். "பாசமுங்க. அண்ணா அண்ணான்னு கூப்பிட்டுப் பழகிருச்சு. புள்ளையும் மாமான்னுதான் கூப்பிடும்."

மாமாவின் கல்யாணத்தில் இணைச்சீருக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள் அம்மா. எங்கள் பக்கம் கூடப்பிறந்தவள் இல்லாமல் அந்தச் சீர் நடக்காது. ஊரே பார்த்தது. இன்றைக்கு ஒத்தாசைக்கு இருக்கிறவளாம்! அம்மாவின் முகம் கறுத்துப்போனது.

மானசா நல்ல பெண்தான். அம்மாவிடமே கேட்டாள். "நீங்க சொல்லுங்கம்மா. இவரு உங்க அண்ணனா?"

சொல்லித் தொலையம்மா என்று மனசுக்குள் கெஞ்சினேன். 'ஆமாங்க' என்ற ஒரு வார்த்தை போதும்.

அம்மா தட்டை மேசைமேல் வைத்தாள். மாமாவை ஏறஇறங்கப் பார்த்தாள்.

"இவனா?" என்றாள். "எனக்கு அண்ணனே இல்லீங்க."

எனக்குப் புல்லரித்துவிட்டது. பிறந்த வீட்டுக்கு எதிராக ஒரு சொல் பேசாதவள், கடைசியில் அவர் முகத்தில் அறைந்தேவிட்டாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

பின்னால் மாமாவின் குரல் அதே மரியாதையோடு கேட்டது.

"கேட்டுக்கிட்டீங்களா அம்மணி? அவங்களே சொல்லிப்போட்டாங்க. அப்படியே எழுதிக்குங்க."