மெத்தைக் கடை ஆந்தை

சலவைக் கடையின் மாடியில் இருந்தது அவர்களுடைய அலுவலகம். அலுவலகம் என்றால் ஓர் அறை, இரண்டு மேசை, மூன்று நாற்காலி. கீழே துணி பிழியும் இயந்திரம் சுற்றத் தொடங்கினால் மேலே தேநீர்க் கோப்பை தானாக நகர்ந்து மேசை விளிம்புக்கு வந்துவிடும். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியை மட்டும் ஆடாத மூலையில் போட்டிருந்தார்கள்.

இருவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருத்திக்கு அங்கேயே வைத்த பெயர் மிளகாய். ஏன் என்று அவளிடம் இரண்டு நிமிடம் பேசியவர்கள் கேட்க மாட்டார்கள். இன்னொருத்தி நெட்டை. நெட்டை வரைவாள், மிளகாய் அதற்கு உயிர் கொடுத்து இணையத்தில் ஓடவிடுவாள், வாடிக்கையாளர்களோடும் மல்லுக்கட்டுவாள். நெட்டை இல்லாத மிளகாய் வெறும் காரம் என்பது மிளகாய்க்கே தெரியும்.

மிளகாய் அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா ஒரு பெரிய கட்டடத்தில் தரை துடைக்கிறாள். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டருக்குள்ள கடை கட்டிக் குடுக்குறா" என்பாள் அம்மா. வாடிக்கையாளர்கள் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். அவர்கள், "படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த மூச்சில், "எங்க அக்கா பையன் இதை அரை மணி நேரத்துல பண்ணிருவான்" என்பார்கள். அந்த அக்கா பையன்களை எல்லாம் ஒரே அறையில் போட்டுப் பூட்ட வேண்டும் என்பது மிளகாயின் நெடுநாள் ஆசை.

தொழிலில் அவள் ஒரு வித்தையைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எந்த வாடிக்கையாளரும் ஓர் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று எழுந்து போக மாட்டார். எதையாவது மாற்றச் சொன்னால்தான் முதலாளி தான்தான் என்று அவருக்கே நம்பிக்கை வரும். சும்மா விட்டால் நன்றாக இருப்பதில் கைவைப்பார். அதனால் அவர் கண்ணில் பட்டு, அவரே எடுக்கச் சொல்லும்படி அசிங்கமாக ஒன்றை மிளகாயே வைத்துவிடுவாள். அதற்குத் திருஷ்டிப் பொட்டு என்று பெயர். பல் மருத்துவர் ஒருவருக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட பல் ஒன்றை வைத்தாள். அவர் அதை நீக்கச் சொல்லிவிட்டு, ஏதோ அறுவை சிகிச்சையை முடித்த திருப்தியோடு போனார். மிச்சமெல்லாம் தப்பித்தது.

அப்படித்தான் மெத்தைக் கடைக்கு ஆந்தை வந்தது.

அந்தக் கடையின் இணையதளத்தை மிளகாய் உயிரைக் கொடுத்துச் செய்திருந்தாள். கசங்கிய வெள்ளை விரிப்பு, அதன்மேல் சன்னல் வெளிச்சம், பக்கம் முழுக்க மூச்சு விட இடம். பார்த்தால் கொட்டாவி வரும், நல்ல அர்த்தத்தில்தான். அதற்கு வைத்த பொட்டை நெட்டை போனில் வீட்டு உரிமையாளரோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டை போட்டுக்கொண்டே கிறுக்கினாள். ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. கால்கள் முள்கரண்டி. திரையில் அம்புக்குறி போகும் இடமெல்லாம் பின்னாலேயே நடந்து வந்து, நின்ற இடத்தில் வாயைப் பிளக்கும். ஆந்தையைப் பார்த்தாலே ஆகாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆட்கள் நம் ஆட்கள். அதுவும் கடையில், வியாபாரத்தில். இதைவிடப் பத்திரமான பொட்டு உலகத்தில் இல்லை என்று மிளகாய் கணக்குப் போட்டாள்.

மெத்தைக்காரர் மனைவியோடு வந்து உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்த்தார். அம்புக்குறியை இந்தப் பக்கம் கொண்டுபோனார். ஆந்தை வந்தது. அந்தப் பக்கம் கொண்டுபோனார். அங்கேயும் வந்தது.

"இது என்னம்மா?"

"ஆந்தை சார். பிடிக்கலைன்னா எடுத்துரலாம். ஒரு நிமிஷ வேலை."

"எதுக்கு எடுக்கணும்?"

"ஆந்தையை யாராவது கடையில வைப்பாங்களா?" என்றாள் மனைவி. "வீட்டுக்கே ஆகாது அது."

மிளகாயின் வயிற்றில் பாலை வார்த்தாள் புண்ணியவதி. அந்தப் பால் இறங்குவதற்குள் மெத்தைக்காரர் தொடங்கிவிட்டார்.

"வீட்டுக்குத்தான் ஆகாது. மெத்தைக் கடைக்கு ஆகும். நல்லாப் பாரு, ராத்திரி பூராத் தூங்காம முழிச்சிக்கிட்டே திரியுது, பாவம். நல்ல மெத்தை இல்லாதவன் மூஞ்சி இப்படித்தான் இருக்கும். இதுதான் நம்ம கஸ்டமர்."

மனைவி குனிந்து பார்த்தாள். ஆந்தை அவளைப் பார்த்து வாயைப் பிளந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, அப்போ வாயைத் தொறக்கும்போது கொஞ்சம் சத்தம் வரட்டும்."

மெத்தைக்காரர் மிளகாய் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணு. நீயே சொல்லும்மா, நல்லா இருக்கா?"

தொண்டை வரை வந்ததை மிளகாய் விழுங்கினாள். "உங்க இஷ்டம் சார்."

"மத்ததெல்லாம் கொஞ்சம் வெறிச்சுனு இருக்கு," என்றார் அவர். "பரவாயில்ல, ஆந்தை பாத்துக்கும்."

அவருக்கே வெறுத்துப் போகட்டும் என்று மிளகாய் அதை இரண்டு மடங்கு பெரிதாக்கி அனுப்பினாள். அவர் நன்றி சொன்னார். சத்தத்தைக் காது கிழியும்படி வைத்தாள். அவர் கடை வாசலிலேயே கம்ப்யூட்டரைத் தூக்கி வைத்து, வருகிற போகிறவர்களை எல்லாம் ஆந்தையோடு விளையாட விட்டார்.

அவர்கள் செய்ததில் கடைசியாக வெளியானது அதுதான் என்பதுதான் வினை. அந்த நேரம் பார்த்து மருத்துவமனை ஒன்று கூப்பிட்டது. பெரிய மருத்துவமனை, பிரிவு பிரிவாக, டாக்டர் டாக்டராக, வருடக்கணக்கில் வேலை ஓடும். கூடவே நெட்டைக்கு ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து வேலைக்கான கடிதமும் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ஆஸ்பத்திரி வேலை வந்தா இங்கயே இருக்கேன்டி," என்றாள் நெட்டை. "வரலைன்னா என்னைத் திட்டாதே. எங்க வீட்டுல எத்தனை நாள்தான் பேச்சுக் கேக்குறது."

மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி வெள்ளி காலையில் நேரில் வருவதாகச் சொன்னார். "கடைசியாப் பண்ணின வெப்சைட்டைக் காட்டுங்க, போதும்." அதாவது, ஆந்தையைக் காட்டுங்கள்.

"ஒரு மணி நேரம் அதை மறைச்சு வைக்கிறேன்," என்றாள் மிளகாய். "அவங்க போனதும் திரும்ப வந்துரும்."

"மெத்தைக்காரர் பார்த்துட்டா?"

"காலங்காத்தால எவன்டி மெத்தை வாங்க வரான்?"

அதிகாரியம்மா கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார். ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளை விரிப்பையும் சன்னல் வெளிச்சத்தையும் அவசரமில்லாமல் பார்த்தார். "சுத்தமா இருக்கு," என்றார். நெட்டை மேசைக்கு அடியில் மிளகாயின் காலை அழுத்தினாள்.

மிளகாயின் போன் அடித்தது. துண்டித்தாள். மறுபடி அடித்தது. துண்டித்தாள். நெட்டையின் போன் அடித்தது.

"எடுங்க," என்றார் அதிகாரியம்மா. "அடிக்கிற போனை எடுக்காம விட்டா எனக்குக் கை நடுங்கும். வேலை அப்படி."

நெட்டையின் போனை வாங்கி மிளகாய் எடுத்தாள். ஒலிபெருக்கியைப் போடவே தேவையில்லை. மெத்தைக்காரரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா, ஆந்தையைக் காணோம்."

"சார், நான் அப்புறமாக் கூப்பிடுறேன்."

"அப்புறம்னா எப்படிம்மா? கடையில ஒரு குடும்பமே நிக்குது. குழந்தை ஆந்தையைக் காட்டுன்னு புரண்டு புரண்டு அழுவுது. என் மச்சான் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பாக்குறான். எவனாவது திருடிட்டானா? இல்ல வைரஸா?"

சர்வரில் கோளாறு என்று ஒரு பொய் இந்தத் தொழிலில் எப்போதும் தயாராக இருக்கும். யாருக்கும் புரியாது, யாரும் மறுபேச்சுப் பேசவும் முடியாது. அது மிளகாயின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. எதிரே அதிகாரியம்மா கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மிளகாய்க்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. மெத்தைக்காரர்மேல் இல்லை. பொய் இத்தனை சுலபமாக வந்து நிற்கிறதே, அதன்மேல்.

"யாரும் திருடலை சார். நான்தான் எடுத்தேன்."

"ஏன்?"

"அதைக் காட்டிக்க எனக்கு வெட்கமா இருக்கு. இங்க ஒரு மேடம் வந்திருக்காங்க. அவங்க கண்ணுல பட வேணாம்னு எடுத்தேன்."

"வெட்கமா? நீதானே போட்டே?"

"நீங்க எடுக்கச் சொல்லுவீங்கன்னு போட்டேன். எப்படியும் எதையாவது குறை சொல்லப் போறீங்க, அது இந்தக் கழுதையா இருக்கட்டும்னு போட்டேன்."

நெட்டை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்போ என்னை முட்டாள்னு நெனச்சிருக்கே."

"ஆமா சார். நெனச்சேன்."

"உன்கிட்ட நேராக் கேட்டேனேம்மா, நல்லா இருக்கான்னு. உங்க இஷ்டம்னியே."

நெட்டை விரல்களை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"இப்போ கேக்குறேன், சொல்லு. நல்லா இருக்கா?"

"கேவலமா இருக்கு சார். நீங்க சொன்ன கதை நல்லா இருக்கு, தூக்கம் வராம அலையுதுங்கிறது. அது எனக்குத் தோணலை. ஆனா வரைஞ்சது கேவலம்."

"அப்போ எனக்குப் பிடிச்சதை ஏனோதானோன்னு பண்ணினே. உனக்குப் பிடிச்சதை மட்டும் பார்த்துப் பார்த்துப் பண்ணினே."

"ஆமா சார்."

"அங்கயே இரு. வர்றேன்." போன் வைக்கப்பட்டது.

அதிகாரியம்மா நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துக்கொண்டார். "அந்த ஆந்தையைக் காட்டுங்க."

மிளகாய் திரும்பக் கொண்டுவந்தாள். அது முள்கரண்டிக் கால்களால் நடந்து வந்து, வெள்ளை விரிப்பின் நட்டநடுவில் நின்று, காது கிழியும்படி ஒரு கொட்டாவி விட்டது.

"கேவலம்தான்," என்றார் அதிகாரியம்மா. கைப்பையைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். "எங்க பெரிய டாக்டர் ஒரு கவிதை எழுதியிருக்காரு. இதயத்தைப் பத்தி. முதல் பக்கத்துல முழுசா வரணுமாம். ஒவ்வொரு பிரிவுலயும் அவரு போட்டோ வரணும், பிரசவ வார்டு உள்பட. உங்களுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாரும் பிரமாதம் சார்னுட்டுப் போனாங்க. நீங்க என்ன சொல்லுவீங்க?"

"படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன் மேடம். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னும் சொல்லுவேன்."

"இருக்காது," என்றார் அவர், எழுந்துகொண்டே. "திங்கக்கிழமை வாங்க. இப்ப போன்ல சொன்ன மாதிரியே அவர்கிட்டயும் சொல்லுங்க. அவரு வெளியே போன்னு சொல்லலைன்னா வேலை உங்களுக்கு. சொன்னாலும் எனக்கு ஒரு நிம்மதி."

அவர் படி இறங்கிப் போனார்.

"வேலை வந்துச்சா, வரலையாடி?" என்றாள் நெட்டை.

"தெரியலை. திங்கக்கிழமை தெரியும்."

"நான் இன்னிக்குச் சாயங்காலமே சொல்லணும்."

மிளகாய்க்கு இரு என்று சொல்ல வாய் வரை வந்தது. நெட்டையின் வீட்டுப் பேச்சைக் கேட்கப்போவது தான் இல்லையே என்று அடக்கிக்கொண்டாள்.

மெத்தைக்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. மிளகாயின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நேராக நெட்டையின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அது ஆடுகிற இடம். அவரும் சேர்ந்து ஆடினார்.

"வரைம்மா. என் கண்ணு முன்னாடி வரை. முழு மனசோட வரை."

நெட்டை பேனாவை எடுத்தாள். "கண்ணு எப்படி வேணும் சார்? முழுசாத் திறந்தா, பாதியா?"

இதுவரை அவரிடம் யாரும் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அவர் யோசித்தார். "பாதி. தூக்கம் வருது, ஆனா வரலை. அந்த மாதிரி. தலைக்கு மேல ஒரு கிரீடம்?"

"கிரீடம் வேணாம் சார்," என்றாள் மிளகாய். "அசிங்கமா இருக்கும்."

அவர் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார். "தலகாணியாவது?"

மிளகாய் நிஜமாகவே யோசித்தாள். "தலகாணி நல்லா இருக்கும். கக்கத்துல இடுக்கிக்கிட்டு, எங்க படுக்குறதுன்னு தெரியாம."

"ம்," என்றார் அவர். கோபம் போய்விடவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. கையை நீட்டித் தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

மத்தியானம் முழுக்க மூன்று பேரும் ஓர் ஆந்தைக்காக அடித்துக்கொண்டார்கள். மூக்கு தூக்கலாக வேண்டும் என்றார் அவர். கூடாது என்றாள் மிளகாய். நெட்டை இரண்டையும் வரைந்து காட்டினாள். பார்த்துவிட்டு அவரே கூடாது என்றார். அதற்கடுத்து அவர் சொன்ன வால் சரியாக இருந்தது. மிளகாய் அதை வாய்விட்டு ஒப்புக்கொண்டபோது அவளுக்கே பல் கூசியது.

வெளிச்சம் சாய்ந்த நேரத்தில் நெட்டையின் போன் அடித்தது. திரையில் அந்தப் பெரிய நிறுவனத்தின் பெயர். மிளகாய் எழுந்து சன்னல் பக்கம் போய், தெருவில் பார்க்க ஒன்றுமே இல்லாததை உற்றுப் பார்த்தாள்.

நெட்டை போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். பேனா நிற்கவில்லை.

"ஆமாங்க, நான்தான். லெட்டர் கிடைச்சுது. ரொம்ப நன்றி. இல்லைங்க, வர முடியாது. இங்க கையில வேலை இருக்கு." எதிர்ப்பக்கம் என்னவோ கேட்டார்கள் போல. "திங்கக்கிழமையா? திங்கக்கிழமை ஒருத்தர் கவிதையைப் படிச்சுட்டுத் திட்டு வாங்கப் போறோம். ஆமாங்க, ரெண்டு பேரும்தான்."

போனை வைத்தாள். மிளகாய் திரும்பவில்லை. மூக்கை மட்டும் ஒரு தடவை உறிஞ்சினாள்.

"யாரும்மா அது?" என்றார் மெத்தைக்காரர்.

"ஒண்ணுமில்ல சார், வேற கம்பெனி."

"அவங்களுக்கும் ஆந்தை வேணுமாமா? குடுத்துராதே," என்று சொல்லிவிட்டு அவர் திரையை நோக்கிக் குனிந்தார். "அந்த இடது காலைக் கொஞ்சம் பாரும்மா."