சோண்டா அடிக்கிற நாளில்

மலையிலிருந்து சோண்டா இறங்கிவிட்டால் சான் ஹுவான் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. தலைவலியா, பிள்ளை அழுகிறதா, புருஷன் பெண்டாட்டி சண்டையா, எல்லாப் பழியையும் அந்தச் சூடான காற்றின் தலையில் போட்டுவிடலாம். நெலிதாவுக்கு வாய்த்த புருஷன் அபெலார்தோ இந்த வசதியைக் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்தான்.

அன்று கதவிடுக்குகளில் ஈரத்துணி செருகியும் வீடெல்லாம் புழுதி. குளிர்காலத்தின் நடுவில் உதடு வெடிக்கிற வெக்கை. நெலிதா ரொட்டிக்கு மாவு பிசைந்து மேசையில் வைத்திருந்தாள். அபெலார்தோவின் தம்பி ரூஃபினோ, தெருவில் மரம் ஏதாவது சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வாசல் கதவை அகலத் திறந்தான். அவ்வளவுதான், மாவெல்லாம் மண்.

நிலநடுக்கத்தில் தன் வீட்டுச் சுவர் விரிசல் விட்டதென்று ஒரு மாதம் தங்க வந்தவன் இவன். மூன்று வருஷமாகிறது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று இவனைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ. நெலிதாவின் தையல் அறையில் இப்போது அவன் மெத்தை. மிஷின் சமையலறை மூலையில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கிடக்கிறது.

"அபெலார்தோ, நல்லா கேட்டுக்கோ. உன் தம்பி போகணும். இல்லன்னா நான் போறேன்!"

"சோண்டா உன்னைப் பேச வைக்குது கண்ணு. போய்ப் படு. காத்து நிக்கட்டும், பேசலாம்."

"போன சோண்டாவுக்கும் இதையேதானே சொன்ன?"

"பாத்தியா, அப்பவும் சோண்டாலதான் கத்துன!"

பிசைந்த மாவை அள்ளி அவன் முகத்தில் அப்பலாம் போலிருந்தது அவளுக்கு. மெந்தோசாவில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டாள். பாதி கேட்பதற்குள் அக்கா, "அங்க சோண்டாவாடி? ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கிட்டு தூங்கு" என்றாள். கூடப்பிறந்தவளுமா! கோபப்படுவதற்கும் காற்றிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

சரி, நிற்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். சாயங்காலம் சோண்டா அடங்கித் தெற்கிலிருந்து குளிர் ஏறியது. மூவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். அபெலார்தோ மாத்தே தேநீர் ஊற்றி அவளிடம் நீட்டினான்.

"இப்ப சரியாயிடுச்சுல்ல?"

நெலிதா நிதானமாக உறிஞ்சினாள். குரலை உயர்த்தவில்லை. "உன் தம்பி போகணும். இல்லன்னா நான் போறேன்."

அபெலார்தோ சன்னல் வழியே வெளியே பார்த்தான்.

"இந்தத் தெக்கத்திக் குளிர் இருக்கே, சில பேருக்கு அது நரம்புல ஏறிடும்..."

நெலிதா மாத்தேயை மேசையில் வைத்தாள். எழுந்துபோய் அந்த மெத்தையைப் பிடித்து இழுத்தாள். அது நிலைப்படியில் சிக்கிக்கொண்டது. பின்னாலேயே வந்த ரூஃபினோ மறுமுனையைத் தூக்கினான்.

"விடுங்க அண்ணி, முதுகு பிடிச்சுக்கும். நானே எடுத்துட்டுப் போறேன்."

"உனக்காவது காது கேட்டுச்சே!"

"மூணு வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். நீங்க மனசாரச் சொல்லல, சோண்டாதான் சொல்லுதுன்னு அண்ணன் சொன்னாரு."