கம்ப்யூட்டர் ஊரில் மாமியார் இல்லை

மாநகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஏசிக் குளிரில் மூக்கு ஒழுக உட்கார்ந்து, மருமகள் ஒரு முழு ஊரையே கம்ப்யூட்டரில் கட்டியிருந்தாள். தெரு, சிக்னல், பஸ் எல்லாம் உண்டு. லட்சக்கணக்கான குட்டிப் புள்ளிகள் காலையில் வேலைக்குப் போகும், சாயங்காலம் வீடு திரும்பும். மாமியார் அவளுக்கு வைத்த பேர் ‘கம்ப்யூட்டர்காரி’. பாசத்தில் வைத்த பேர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அன்று அந்த ஊரைக் கமிஷனருக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். புதுச் சாலையை எங்கே போடுவது என்று அதுதான் சொல்லப்போகிறது. பொத்தானைத் தட்டினாள். புள்ளிகள் சமர்த்தாக வேலைக்குப் போயின. சாயங்காலம் ஆனதும் அத்தனையும் ஒரே சந்துக்குள் முண்டியடித்து நுழைந்தன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சோதனைக்காக எல்லாப் புள்ளிக்கும் தன் வீட்டு முகவரியைப் போட்டவள், அதை மாற்ற மறந்து தொலைத்திருந்தாள். ஊரே அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்தது!

“அடேங்கப்பா, என்னா கூட்டம்!” கமிஷனர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “இந்தச் சந்துல வீடுங்கள எடுத்துட்டு ரோடு போட்டுடுவோம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மேனேஜர் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். வாயை மூடு என்று அர்த்தம். மூடினால் வீடு போச்சு, திறந்தால் மானம் போச்சு. வீடு போனால் மாமியாரோடு ஒற்றை அறையில் குப்பை கொட்ட வேண்டும். மானமே போகட்டும்.

“சார், தப்பு என்னுது. அது எங்க வீடு. எல்லாரையும் நான்தான் அங்க அனுப்பிட்டேன்.”

திருத்தி மறுபடி ஓட்டினாள். இப்போது சந்தில் ஈ, காக்கை இல்லை. காலையில் ஒன்றிரண்டு புள்ளி வெளியே போனதோடு சரி.

“இன்னும் நல்லதாப் போச்சு,” என்றார் கமிஷனர். “ஆளே நடமாடாத சந்து. இடிச்சா யாருக்கும் தொந்தரவு இல்ல. நாளைக்கு ஒரு எட்டு நேர்ல பாத்துடுறேன்.”

வேலைக்குப் போகிறவர்களை மட்டும்தான் அவள் தன் ஊரில் சேர்த்திருந்தாள். வீட்டில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்து ஏது என்ற நினைப்பு.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாமியாரிடம் கொட்டினாள்.

“அப்போ உன் ஊர்ல நான் கிடையாதா?”

“இல்ல, அத்தை.”

“தினம் உனக்கு டிபன் கட்டித் தர்றது யாரு, பேயா?”

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டார்.

மறுநாள் கமிஷனரின் கார் சந்துக்குள் பாதி தூரம்கூட வரவில்லை. பந்து விளையாடும் பிள்ளைகள், தள்ளுவண்டியில் கைக்குழந்தைகள், துணி காயப்போடும் பெண்கள், நாற்காலி போட்டு அரசியல் பேசும் ரிட்டயர்டு ஆட்கள். நட்டநடுவில் மாமியார், முறத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு.

கமிஷனர் இறங்கினார். “யாரும்மா இவங்கெல்லாம்?”

“கம்ப்யூட்டர்ல வராதவங்க,” என்றார் மாமியார், தலையைத் தூக்காமல். “வண்டிய ரிவர்ஸ் எடுக்கச் சொல்லு தம்பி. பீன்ஸ்ல புழுதி விழுது.”

கமிஷனர் திரும்பி, கூடவே வந்திருந்த மருமகளை முறைத்தார். “இவங்களையும் சேத்து ஓட்டிட்டு வாங்க. அப்புறம் ரோட்டப் பத்திப் பேசலாம்.” கார் ரிவர்ஸிலேயே சந்தைவிட்டு வெளியே போனது.

அடுத்த நாள் முதல் வேலையாக மாமியாருக்கு ஒரு புள்ளி வைத்தாள். வேகம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கேட்டது. மெதுவாக என்று போட்டாள். எதிரே வருகிறவருக்கு வழிவிடும் குணம் எவ்வளவு என்று கேட்டது. யோசிக்காமல் பூஜ்யம் போட்டாள். வீட்டைக் காப்பாற்றியது அதுதானே.