காய்ச்சலுக்கு ஒரு புதன்கிழமை

சங்கராபுரத்தில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது புதன்கிழமை. அக்பர் அலிக்கும் அதே கிழமைதான் கல்வராயன் மலைமேல் சந்தை வியாபாரம். வெங்காயமும் பூண்டும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவார்.

இந்தப் புதன் அவர் போகவில்லை. ஒன்றரை மாதக் குழந்தை ஃபரீனைத் தோளில் போட்டுக்கொண்டு, மனைவி ஷர்புன்னிசாவுக்கு முன்னால் சுகாதார நிலையத்துக்கு நடந்தார்.

மூத்தவன் உமைருக்கு இந்த வயதானபோது ஷர்புன்னிசா மணலூர்பேட்டையில், தாய்வீட்டில் இருந்தாள். அங்கே ஊசிக்குக் கூப்பிட்டார்கள். போனில் அவர்தான் தடுத்தார்.

"ஊசி போட்டா காய்ச்சல் வருமாம். இங்க வந்து போட்டுக்கலாம். புள்ள அழுவுறப்ப நான் பக்கத்துல இருக்கணும்."

அந்தப் பாசம் அவளுக்கும் பிடித்திருந்தது. திரும்பி வந்தபின், அவர் வீட்டில் இருக்கும் புதனுக்காகக் காத்திருந்தார்கள். அப்படியொரு புதன் வரவேயில்லை. நர்ஸ் ஜெயசுதா வீடு தேடி வந்தபோதெல்லாம் அக்பர் அலி அடுத்த வாரம் என்றார். கடைசியில் கூச்சப்பட்டு, "அவங்க அம்மா வூட்லயே போட்டாச்சுங்க" என்று சொல்லிவிட்டார். கதவோரம் நின்ற ஷர்புன்னிசா மறுக்கவில்லை.

நான்கு வயதில் உமைருக்கு, அந்த ஊசி தடுத்திருக்கக்கூடிய தொண்டை அடைப்பான் வந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அவர் மடியிலேயே மூச்சு நின்றது.

"இன்னா பாய், மலைக்குப் போவலியா? சந்தையில வெங்காயம் அழுதுகினு இருக்குமே" என்றாள் சுகாதார நிலையத்தில் ஜெயசுதா. பிள்ளையை இழந்தவர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

"கால அசையாம புடிச்சுக்குங்க."

"நீ புடி ஷர்பு." அவர் குழந்தையை மனைவியிடம் நீட்டினார்.

ஷர்புன்னிசா வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்கதாங்க புடிக்கணும்."

பிடித்தார். ஃபரீன் வீறிட்டாள்.

"சாயங்காலம் காய்ச்சல் வரும். இந்த மருந்தக் குடுங்க, வுட்டுடும்" என்றாள் ஜெயசுதா.

சொன்னபடியே வந்தது. அவர் வீட்டை விட்டு நகரவில்லை. குழந்தையை மடியில் கிடத்தி, நெற்றியில் வைத்த கையை எடுக்காமலே இருந்தார். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தபோது ஃபரீனுக்கு வியர்த்தது. சூடு இறங்கி, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.



"இந்தக் காய்ச்சல் இவ்ளோதானா, ஷர்பு?"

அவள் ஈரத்துணியைப் பிழிந்து அவரிடம் நீட்டினாள். காய்ச்சல் விட்ட நெற்றியை அவர் மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.