கட்டு இல்லாத கை

என் தங்கை அம்சவேணியைக் காணோம் என்று தெரிந்தபோது நாங்கள் கயிறு இழுத்துக்கொண்டிருந்தோம். பங்குனி வெயிலில் புரச மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துச் செக்கச்செவேலென்று பூத்திருந்தன. பரீட்சைக்கு முன் ஒரு நாளாவது வெளியே போய் வரட்டும் என்று, மாலை வகுப்புத் தெலுங்கு வாத்தியார் உமாபதி எங்களைத் திருப்பதிக்கு வெளியே இருந்த கள்ளிப் பூங்காவுக்கு அழைத்து வந்திருந்தார். பூங்கா என்று பெயர்தான். கம்பி வேலிக்குள் பாறை, மணல், சப்பாத்திக்கள்ளி, அவ்வளவே. ஆந்திரா தனியாகப் பிரிந்த பிறகு ஆபீஸ் வேலைக்குத் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்காகத்தான் என்னைப் போன்ற எல்லையோரத் தமிழ்ப் பையன்கள் அந்த வகுப்பில் சேர்ந்திருந்தோம்.

"கண்ணாமூச்சி ஆடிக்கினு இருந்தா. இங்கதான் எங்கனா கீறா," என்றான் என் அறைத் தோழன் கோவர்த்தனன். "நீ நின்னு கணக்குப் போட்டுக்கினு இருக்காத நாகேந்திரா. கூப்புடு."

கணக்குப் போடாமல் எனக்கு எதுவும் வராது. கோவர்த்தனன் வேலியைச் சுற்றட்டும், நான் நடுவிலுள்ள தடத்தில் போகிறேன் என்று பிரித்துக்கொண்டோம். பிரித்தது சரிதானா என்ற சந்தேகம் முதல் பாறை தாண்டுவதற்குள் வந்துவிட்டது.

அவளுக்கு எட்டு வயது. அம்மா தவறிய பிறகு நைனா அவளை என்னிடம் விட்டிருந்தார். மாமரத்திலிருந்து விழுந்து முறிந்த இடது கையில் புத்தூர்க் கட்டு. தடுக்கினால் ஊன்ற ஒரு கைதான் உண்டு. கொண்டு வந்த பானைத் தண்ணீர் மதியமே தீர்ந்திருந்தது. "அண்ணா, தாகமா கீது," என்று அவள் சட்டையைப் பிடித்து இழுத்தபோது, "தோ, இந்த ஆட்டம் முடியட்டும்," என்றேன்.

ஒற்றைப் பாறையருகே தடம் இரண்டாகப் பிரிந்தது. எதிர்ச் சரிவில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! சின்ன பாப்பா! சூசினாவா?" பார்த்தாயா என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் கத்தினேன்.

காற்று அவள் பதிலைப் பிய்த்துப் போட்டது. சொம்பு பிடித்த கையை உயர்த்தி ஆட்டினாள். "குடி! குடி!" என்பது மட்டும் கேட்டது.

தங்கச்சி தாகத்தோடு எங்கோ கிடக்க, நான் மட்டும் குடிப்பதா? "வத்து தல்லி, வத்து!" என்று வேண்டாமெனக் கையசைத்துக் கத்திவிட்டு இடப்பக்கம் ஓடினேன்.

இடப்பக்கம் தடம் ஒரு காய்ந்த ஓடையில் இறங்கியது. கரை செங்குத்தாகச் சரிந்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் எட்டிப் பார்ப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டேன். நைனாவிடம் என்ன சொல்வேன்? அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடையோடு நடந்தேன். வெயில் சாயத் தொடங்கியபோது கோவர்த்தனன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"ஒரு ஆட்டுக்காரம்மாதான். தண்ணி குடிக்கச் சொல்லிச்சி. குடி, குடின்னு."

அவன் என்னையே பார்த்தான். "தெலுங்குலயா தமிழ்லயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்குத் தெலுங்கில் வலது, இடது என்றால் ஏர் மாட்டுக்குச் சொல்லும் எலபட, தாபட மட்டுமே தெரியும். மற்றதெல்லாம் வகுப்பில் வந்த சொற்கள். அம்சவேணியை முன்னால் நிறுத்தித்தான் உமாபதி அந்தப் பாடத்தை நடத்தினார். கட்டுப் போட்ட இடது கை எடம. கட்டு இல்லாத வலது கை குடி. அவள் கட்டு இல்லாத கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய் மடக் மடக்கென்று குடித்துக் காட்டினாள். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

"அடப்பாவி, பரீட்சை வேற எழுதப் போறியா நீ!" என்று கத்திக்கொண்டே கோவர்த்தனன் எனக்கு முன்னால் ஓடினான்.

ஆட்டுக்காரப் பெண் போய்விட்டிருந்தாள். வலப்பக்கத் தடம் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஏறியது. மேலே, ஒரு பாறை இடுக்கில், உள்ளங்கையில் அள்ளும் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. கலங்கியிருந்தது.

"அம்சா!"

எங்கோ ஆட்டு மணி கேட்டது. வேறு சத்தமில்லை.

சுனையை ஒட்டிச் சுட்டுக்கொண்டிருந்த பாறையில் ஒரு சின்னப் பாதம் ஈரமாகப் பதிந்திருந்தது. அவள் போய் அதிக நேரமாகியிருக்காது. நான் குனிந்து, அது காயாமலிருக்க என் நிழலை அதன் மேல் போட்டேன். விரல்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பார்ப்பதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது.